டைம்லைனிலிருந்து கிளிப் எடுக்கும்போது ஆடியோ செட்டிங்: முழுமையான வழிகாட்டி

ஒன்றரை மணி நேரப் பட்டிமன்றப் பதிவு ஒன்று எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) இருக்கிறது. அதிலிருந்து ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று பத்துக் கிளிப்புகள் எடுக்க வேண்டும். படம் பெரும்பாலும் ஒழுங்காகவே வந்துவிடும். புதியவர்கள் இடறுவது சத்தத்தில்தான். ஒரு கிளிப்பில் பேச்சு இடது காதில் மட்டும் கேட்கும், இன்னொன்றில் பின்னணி இசை காணாமல் போயிருக்கும், மூன்றாவதில் முதல் எழுத்தே விழுங்கப்பட்டிருக்கும்.

எக்ஸ்போர்ட் ஜன்னல் செய்வது பொட்டலம் கட்டும் வேலை. உள்ளே வைக்கும் சரக்கு பழுதாக இருந்தால் பொட்டலமும் பழுதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி வேலை அந்த ஜன்னலைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். உதாரணங்கள் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்துச் சொல்லப்படுகின்றன. பிரீமியர் புரோ வேறுபடும் இடங்களை அங்கங்கே சேர்த்திருக்கிறோம். ஷாட்கட், கேடென்லைவ் பயன்படுத்துபவர்களுக்கும் வரிசை இதுவேதான், பொத்தான்களின் பெயர் மட்டும் மாறும்.

1. கிளிப் யாருக்குப் போகிறது?

செட்டிங் எதையும் தொடுவதற்கு முன் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, நேராகப் பார்வையாளருக்கு: யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப். இதற்கு எம்பி4 கோப்பு, ஏஏசி ஆடியோ (சுருக்கி வைக்கும் வகை), ஸ்டீரியோ (இடது, வலது என்று இரண்டு சேனல்).

இரண்டாவது, வேறொரு எடிட்டருக்கு. அவர் அதைத் தன் டைம்லைனில் போட்டு மறுபடி வெட்டப் போகிறார். இதற்கு எம்ஓவி கோப்பு, சுருக்காத பிசிஎம் ஆடியோ, 24 பிட்.

மூன்றாவது, சவுண்ட் இன்ஜினியருக்கோ டப்பிங் வேலைக்கோ. பேச்சு, ஆர்ஆர் (பின்னணி இசை), எஃபெக்ட்ஸ் எல்லாம் தனித்தனி டிராக்காகப் போக வேண்டும்.

நான்காவது, தொலைக்காட்சிக்கு. சேனல் தரும் விவரத் தாளைக் கேட்டு வாங்காமல் இதை ஆரம்பிக்கவே கூடாது. சத்த அளவு, டிராக் வரிசை, கோப்பு வகை மூன்றும் அதில் இருக்கும்.

ஒரே கிளிப் இரண்டு பேருக்குப் போகிறது என்றால் இரண்டு முறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். யூடியூபுக்குப் போட்ட எம்பி4-ஐயே எடிட்டருக்கும் அனுப்பினால், அவர் கையில் ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய ஆடியோ இருக்கும். அவர் எக்ஸ்போர்ட் செய்யும்போது மறுமுறை சுருங்கும், தளத்தில் ஏற்றியதும் மூன்றாம் முறை. ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மணல் அரைத்தது போலக் கேட்பதும், கைத்தட்டல் தண்ணீருக்குள் கேட்பது போல ஆவதும் இப்படித்தான்.

2. டைம்லைனில் முன்கூட்டியே பார்க்க வேண்டியவை

சாம்பிள் ரேட் (ஒரு நொடியில் ஒலி எத்தனை முறை அளந்து பதியப்படுகிறது என்பது): வீடியோ வேலைக்கு 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது 48000. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஃபேர்லைட் (ரிசால்வின் ஆடியோ பிரிவு) பகுதியில் இதைப் பார்க்கலாம். கோப்புகளை இறக்குவதற்கு முன்பே சரிபாருங்கள். பின்னணி இசை 44.1 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் பயப்பட வேண்டாம், மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும்.

மாறும் பிரேம் ரேட்: மொபைலில் எடுத்த வீடியோவிலும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கிலும் பிரேம்கள் சீராக விழுவதில்லை. டைம்லைனின் ஆரம்பத்தில் லிப் சிங்க் சரியாக இருக்கும், போகப் போக வாய் ஒன்று பேசும், சத்தம் பிறகு வரும். எக்ஸ்போர்ட்டில் இதைத் திருத்த வழியே இல்லை. எடிட் தொடங்கும் முன் ஹேண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஆடியோவை ‘பாஸ்த்ரூ’வில் விட்டால் அது இன்னொரு முறை சுருங்காது.

தனி ரெக்கார்டர்: கேமராவும் ரெக்கார்டரும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடுபவை. நீண்ட பதிவில் சில பிரேம்கள் விலகிப் போகும். கைத்தட்டி ஆரம்பத்தை மட்டும் பொருத்திவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நீங்கள் எடுக்கப்போகும் கடைசிக் கிளிப்பின் இடத்துக்குப் போய் உதட்டைப் பாருங்கள். அங்கே விலகியிருந்தால், அந்த இடத்தில் ஆடியோவை வெட்டி நகர்த்திப் பொருத்துங்கள்.

3. ஒரு காதில் மட்டும் கேட்கும் மைக்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், புதியவர்கள் கொண்டுவரும் கோப்புகளில் அடிக்கடி காணும் பிழை இதுதான். காலர் மைக் ஒன்றைக் கேமராவில் சொருகினால், பல கேமராக்கள் அதை இடது சேனலில் மட்டும் எழுதும். வலது சேனலில் வெறுமை, அல்லது கேமராவின் சொந்த மைக். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் கலந்து ஒலிப்பதால் தெரியாது. ஹெட்ஃபோன் போட்டவருக்கு உடனே தெரியும்.

ரிசால்வில் கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘கிளிப் ஆட்ரிபியூட்ஸ்’ திறந்து, ஆடியோ பகுதியில் வடிவத்தை மோனோ என்று மாற்றி, மைக் இருக்கும் சேனலைத் தேர்ந்தெடுங்கள். மோனோ டிராக்கில் இருக்கும் குரல் இரண்டு பக்கமும் சமமாகப் போகும். மீடியா பூலில் மாற்றினால் இனிமேல் டைம்லைனுக்கு வரும் கிளிப்புகளுக்கே அது பொருந்தும். ஏற்கெனவே டைம்லைனில் இருப்பதை டைம்லைனிலேயே தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். பிரீமியரிலும் ‘மாடிஃபை’ மெனுவின் ஆடியோ சேனல் மாற்றம் இப்படித்தான் நடக்கும். வெட்டி முடித்த பிறகு பார்த்தால் அங்கே ‘ஃபில் ரைட் வித் லெஃப்ட்’ என்ற எஃபெக்ட் கைகொடுக்கும்.

எக்ஸ்போர்ட்டில் சேனலை மோனோ என்று வைத்து இதைச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அப்போது வெறும் சேனலும் மைக் சேனலும் சேர்ந்து சராசரியாகிக் குரல் பாதியாக இறங்கும். வலதில் கேமரா மைக் இருந்தால், இரண்டு மைக்குக்கும் இடையிலான தூரத்தால் குரல் குழாய்க்குள் பேசியது போல ஆகிவிடும்.

4. மியூட், சோலோ, மெயின் ஃபேடர்

வேலை செய்யும்போது ஒரு டிராக்கை மட்டும் கேட்க சோலோ போட்டிருப்பீர்கள். அது போட்டபடியே இருந்தால் ரெண்டரிலும் (மென்பொருள் கோப்பை உருவாக்கும்போதும்) அந்த டிராக் மட்டும்தான் வரும். பின்னணி இசை காணாமல் போவதற்கு முதல் காரணம் இது. எல்லா டிராக்கிலும் சோலோ விளக்கு அணைந்திருக்கிறதா, மியூட் வேண்டியதில் மட்டும் இருக்கிறதா என்று மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள்.

கேட்பதற்கான ஸ்பீக்கர் வால்யூமைக் கூட்டிக் குறைத்தால் கோப்பில் எதுவும் மாறாது. மெயின் பஸ்ஸின் (எல்லா டிராக்கும் வந்து சேரும் பாதையின்) ஃபேடரை, அதாவது அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, அசைத்தால் மாறும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, சத்தம் கம்மியாகக் கேட்கிறது என்று மெயின் ஃபேடரைத் தூக்கிவிடுபவர்கள் நிறைய. ஃபேடர் பூஜ்யத்தில் இருக்கட்டும், அளவை டிராக்கில் சரிசெய்யுங்கள்.

மெயின் பஸ் ஸ்டீரியோதானா என்பதையும் பாருங்கள். அது 5.1 ஆக இருந்தால் கோப்பில் ஆறு சேனல் வரும். பேச்சு நடுச் சேனலுக்குப் போய், போனில் கேட்பவருக்கு இசை பெரிதாகவும் பேச்சு சிறிதாகவும் கேட்கலாம். பிரீமியரில் சீக்வென்ஸ் உருவாக்கும்போது தேர்ந்தெடுத்த மிக்ஸ் வகையைப் பின்னால் மாற்ற முடியாது. புது சீக்வென்ஸ் உருவாக்கி அதில் எல்லாவற்றையும் ஒட்ட வேண்டியிருக்கும்.

5. கிளிப்பின் இரண்டு முனைகள்

படத்தை வெட்டும் அலகு பிரேம். 25 பிரேம் டைம்லைனில் ஒரு பிரேமுக்குள் 1920 ஆடியோ சாம்பிள்கள் அடங்கும். அலை மேலே இருக்கும் நொடியில் வெட்டினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அதனால் ஒவ்வொரு கிளிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆடியோவுக்கு மட்டும் ஒரு பிரேம் நீளத்துக்கு ஃபேட் கொடுங்கள். காதுக்குத் தெரியாது, ‘டிக்’ மறைந்துவிடும்.

பேச்சின் முதல் எழுத்துக்கு முன் ஐந்தாறு பிரேம் இடம் விடுங்கள். மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டால் கேட்கட்டும், இயல்பாகவே இருக்கும். இடம் விடச் சொல்வதற்கு இன்னொரு காரணம்: பல ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் சத்தம் வந்த பிறகே விழித்துக்கொள்கின்றன. முதல் பிரேமிலேயே சொல் தொடங்கினால் அந்தச் சொல் போய்விடும்.

முடிவில் அவசரப்படாதீர்கள். மண்டபத்தின் எதிரொலி அடங்கும்வரை, கைத்தட்டல் தாழும்வரை விட்டு, பிறகு அரை நொடி, ஒரு நொடி ஃபேட் கொடுங்கள். பின்னணி இசை இருந்தால் தாளம் முடியும் இடத்தில் நிறுத்துவது நல்லது.

6. சத்த அளவு

மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்பது உச்சத்தைத்தான் காட்டும். காது உணரும் சத்தத்தை அளக்க எல்யுஎஃப்எஸ் என்ற அலகு இருக்கிறது. ஃபேர்லைட் பக்கத்தின் லவுட்னெஸ் மீட்டரில் ‘இன்டகிரேட்டட்’ என்ற எண்ணைப் பாருங்கள். அளப்பதற்கு முன் மீட்டரை ரீசெட் செய்து, கிளிப்பின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மட்டும் ஓட்ட வேண்டும். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியின் சராசரியை வைத்து ஒரு நிமிடக் கிளிப்பை எடை போட முடியாது.

யூடியூப் -14 எல்யுஎஃப்எஸ்ஸை அளவாக வைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய சத்தத்தைக் குறைத்துவிடும், சிறிய சத்தத்தைக் கூட்டித் தராது. அதனால் பேச்சுக் கிளிப் -16க்கும் -14க்கும் நடுவில் இருந்தால் போதும். ஆப்பிள் பாட்காஸ்ட்டுக்குச் சொல்லப்படும் அளவு -16. ஐரோப்பியத் தொலைக்காட்சியின் ஆர்128 தரம் -23 கேட்கிறது, அமெரிக்க ஏ/85 தரம் -24. தொலைக்காட்சி அளவில் கலந்த கிளிப்பை அப்படியே யூடியூபில் ஏற்றினால் பக்கத்து வீடியோவோடு ஒப்பிடும்போது முணுமுணுப்பாகக் கேட்பது இதனால்தான்.

உச்சத்துக்கு மெயின் பஸ்ஸில் ஒரு லிமிட்டர் (சத்தம் குறித்த எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் எஃபெக்ட்) போட்டு, எல்லையை -1 டெசிபலில் வையுங்கள். பூஜ்யம்வரை விடக்கூடாது. ஏஏசி சுருக்கும்போது அலையின் வடிவம் சற்று மாறும். பூஜ்யத்தைத் தொட்டு நின்ற உச்சம், விரித்துக் கேட்கும்போது பூஜ்யத்தைத் தாண்டும், சத்தம் கிழியும். டைம்லைனில் சுத்தமாக இருந்தது போனில் கரகரக்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். லிமிட்டரில் ‘ட்ரூ பீக்’ வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சாம்பிள்களுக்கு நடுவில் எழும் உச்சத்தைச் சாதாரண மீட்டர் பார்க்காது.

7. எந்தப் பகுதி வெளியே போக வேண்டும்

டெலிவர் பக்கத்தில் (ரிசால்வில் எக்ஸ்போர்ட் செய்யும் இடம்) ரெண்டர் செட்டிங்ஸின் மேலே ‘சிங்கிள் கிளிப்’, ‘இண்டிவிஜுவல் கிளிப்ஸ்’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பத்துக் கிளிப் வேண்டும் என்றதும் இரண்டாவதைத் தொட ஆசை வரும். அது டைம்லைனில் உள்ள ஒவ்வொரு வெட்டையும் தனிக் கோப்பாக்கும். மூலக் காட்சிகளைப் பிரித்து இன்னொருவருக்குக் கொடுக்க அது ஏற்றது. கீழே ஓடும் பின்னணி இசையும் மிக்ஸும் சேர்ந்து வர வேண்டுமென்றால் அதை நம்ப வேண்டாம்.

‘சிங்கிள் கிளிப்’பில் வையுங்கள். டைம்லைனில் முதல் கிளிப்பின் தொடக்கத்தில் ‘ஐ’ விசை, முடிவில் ‘ஓ’ விசை. பெயர் கொடுத்து ‘ஆட் டு ரெண்டர் கியூ’ அழுத்துங்கள். அடுத்த கிளிப்புக்கு மறுபடி ஐ, ஓ, பெயர், கியூ. ஒவ்வொரு வேலையும் தன் எல்லையை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கியூவில் சேர்த்த நொடியில் இருந்த கோடெக் (ஏஏசி, பிசிஎம் போன்ற பதிவு முறை), பிட்ரேட் (ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு என்பது) முதலியவை அந்த வேலைக்கு உறைந்துவிடும். பிறகு செட்டிங்கை மாற்றினாலும் பழைய வேலைகள் மாறாது. ஆனால் டைம்லைன் உறைவதில்லை. கியூ போட்ட பிறகு எடிட் பக்கத்துக்குப் போய் எதையாவது சோலோ செய்துவிட்டு வந்தால், பத்துக் கிளிப்பும் அப்படியே ரெண்டர் ஆகும்.

8. கோப்பும் கோடெக்கும்

ஆடியோ பகுதிக்குப் போனதும் ‘எக்ஸ்போர்ட் ஆடியோ’ டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தமே இல்லாத டைட்டில் கிளிப்பாக இருந்தாலும் டிக்கை எடுக்காதீர்கள். எடுத்தால் கோப்பில் ஆடியோ டிராக்கே இருக்காது. அதை மற்ற கிளிப்புகளோடு ஒட்டும்போது சில கருவிகள் தடுமாறும், ஒட்டிய வீடியோ முழுவதும் ஊமையாகிவிடுவதும் உண்டு. வெறும் மௌனமாவது ஒரு டிராக்காக இருக்கட்டும்.

எம்பி4 என்றால் ஏஏசி. எம்பி4-க்குள் பிசிஎம் வைத்தால் பல போன்களிலும் டிவிகளிலும் படம் ஓடும், சத்தம் வராது. எம்ஓவி என்றால் லீனியர் பிசிஎம் வைக்கலாம். எம்எக்ஸ்எஃப் கோப்புக்கும் பிசிஎம்தான் வழக்கம். வெப்எம் என்றால் ஓபஸ்.

ஏஏசியில் எல்சி என்ற சாதாரண வகையே வேண்டும். எச்இ என்று தொடங்கும் வகை 64 கேபிபிஎஸ், அதற்கும் கீழ் என்று மிகக் குறைந்த பிட்ரேட்டுக்காக உருவானது. மேல் அலைகளை அது ஊகித்து நிரப்புகிறது. இணைய வானொலிக்குச் சரி, நீங்கள் ஏற்றப்போகும் கோப்புக்கு வேண்டாம்.

9. சாம்பிள் ரேட், பிட் டெப்த், பிட்ரேட்

சாம்பிள் ரேட் 48000, டைம்லைனில் உள்ளதே இங்கும். 44100 என்று மாற்றுவதால் எந்த லாபமும் இல்லை. ரேட் தவறாகப் பதிவான கோப்பு என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்: 44100-இல் பதிந்ததை 48000 என்று நினைத்து ஓட்டினால், ஒரு மணி நேரப் பேச்சு 55 நிமிடம் ஏழரை நொடியில் முடியும், குரலும் ஒன்றரை அரைச்சுருதி மேலே போகும். குரல் மெலிந்து அவசரமாக ஒலித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

பிட் டெப்த் பிசிஎம்முக்கு மட்டும் உரியது. இன்னொருவர் மறுபடி வேலை செய்யப் போகிறார் என்றால் 24 பிட், அவர் அளவைத் தூக்கினாலும் இரைச்சல் மேலே வராது. கேட்பதற்கு மட்டும் என்றால் 16 பிட் போதும். 32 பிட் ஃப்ளோட் பூஜ்யத்தைத் தாண்டிய உச்சத்தையும் காப்பாற்றும். ஆனால் பெறுபவரின் மென்பொருள் அதை ஏற்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பிட்ரேட் ஏஏசிக்கு. யூடியூப் பரிந்துரைக்கும் அளவு ஸ்டீரியோவுக்கு 384 கேபிபிஎஸ், மோனோவுக்கு 128, 5.1-க்கு 512. மென்பொருளில் 320 வரைதான் இருந்தால் 320 வையுங்கள், வித்தியாசம் காதுக்கு எட்டாது. ஒரு நிமிடத்துக்கு 320 கேபிபிஎஸ் பிடிக்கும் இடம் 2.4 எம்பி. 128 என்றால் ஒரு எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. சுருக்காத 16 பிட் ஸ்டீரியோ சுமார் 11.5 எம்பி, 24 பிட் சுமார் 17.3 எம்பி. வீடியோ பிடிக்கும் இடத்தின் பக்கத்தில் இவை எல்லாம் சில்லறை. ஆடியோவில் மிச்சம் பிடித்துக் கோப்பைச் சிறிதாக்கப் பார்ப்பது வீண் வேலை.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் செயலி மறுபடி சுருக்கும். தரம் முக்கியம் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

10. சேனலும் டிராக்கும்

பார்வையாளருக்குப் போகும் கிளிப்புக்கு ‘அவுட்புட் டிராக் 1’ என்ற இடத்தில் மெயின் பஸ். அவ்வளவுதான். குரல் மட்டுமே இருந்தாலும் ஸ்டீரியோவாகவே விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் ஏஏசி அதைக் குறைந்த இடத்தில் அடக்கிவிடும்.

தமிழ் ஒரு டிராக், தெலுங்கு ஒரு டிராக் என்று ஒரே எம்பி4-க்குள் வைத்து வெளியிட நினைப்பவர்கள் கவனிக்க: விஎல்சி போன்ற பிளேயரில் டிராக்கை மாற்றிக் கேட்கலாம், பெரும்பாலான செயலிகள் முதல் டிராக்கை மட்டும் ஓட்டும். மொழிக்கு ஒரு கோப்பாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

சவுண்ட் வேலைக்குக் கொடுக்கும்போது கதை வேறு. பேச்சுக்கு ஒரு பஸ், ஆர்ஆருக்கு ஒன்று, எஃபெக்ட்ஸுக்கு ஒன்று என்று ஃபேர்லைட்டில் முதலிலேயே பிரித்து அனுப்பியிருக்க வேண்டும். டெலிவர் பக்கத்தில் அவுட்புட் டிராக்குகளைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். பஸ் பிரிக்கவில்லை என்றால் டைம்லைன் டிராக்குகள் அனைத்தையும் தனித்தனியாக எடுக்கும் தேர்வும் அங்கே உண்டு. டப்பிங்குக்குப் போகும் இசை, எஃபெக்ட்ஸ் டிராக்கில் ஒரு வரிப் பேச்சுகூடக் கலந்திருக்கக் கூடாது. மூலப் பேச்சு டிராக்கில் மாட்டிக்கொண்ட கதவுச் சத்தம், காலடி எல்லாம் எஃபெக்ட்ஸுக்கு மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சை எடுத்ததும் கதவு ஓசையின்றிச் சாத்தும்.

தனித்தனி வேவ் கோப்புகளாகக் கொடுத்தால் எல்லாம் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிய வேண்டும். படத்துக்கு இரண்டு நொடி முன்பு ஒரே ஒரு பிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் ‘பீப்’ வைப்பது பழைய வழக்கம். பொருந்துகிறதா என்று பார்க்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

11. ‘நார்மலைஸ்’ டிக்கைப் போடலாமா?

ரெண்டர் செட்டிங்கில் இருக்கும் நார்மலைஸ் வசதி, வெளியே போகும் கோப்பை முழுதாக அளந்து குறித்த எல்யுஎஃப்எஸ்ஸுக்குக் கொண்டுவரும். தனித்தனியாக வெளியாகும் கிளிப்புகளுக்கு இது உதவும்.

அடுத்தடுத்து ஓடப்போகும் கிளிப்புகளுக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு வேலையும் தனியாக அளக்கப்படுவதால், அடங்கிப் பேசிய இடமும் ஆவேசமாகப் பேசிய இடமும் ஒரே அளவுக்கு வந்து நிற்கும். சேர்த்துக் கேட்டால் பேச்சாளரின் ஏற்ற இறக்கம் செத்துப்போயிருக்கும். மண்டபத்தின் மின்விசிறி ஓசையும், அடங்கிய பேச்சோடு சேர்ந்து மேலே வரும். எங்கள் கருத்து: கையால் சரிசெய்து, டிக் இல்லாமல் ரெண்டர் செய்யுங்கள்.

12. முதலில் ஒன்று, பிறகு பத்து

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ரெண்டர் போடாதீர்கள். பேச்சு, இசை, கைத்தட்டல் மூன்றும் இருக்கும் ஒரு கிளிப்பை மட்டும் எடுத்து, டைம்லைனை மறந்துவிட்டு அந்தக் கோப்பைச் சோதியுங்கள்.

கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்தால் ஆடியோ பகுதியில் ஏஏசி எல்சி, 48.0 கிலோஹெர்ட்ஸ், 2 சேனல் என்று தெரிய வேண்டும். ஆடியோ நீளமும் வீடியோ நீளமும் சில பத்து மில்லிநொடி வேறுபட்டால் கவலை வேண்டாம். ஏஏசி 1024 சாம்பிள் கொண்ட கட்டங்களாகத்தான் அடங்கும், ஒரு கட்டம் சுமார் 21 மில்லிநொடி. வேறுபாடு நொடிக்கணக்கில் இருந்தால் கோளாறு.

பிறகு மூன்று விதமாகக் கேளுங்கள். ஹெட்ஃபோனில்: இரண்டு காதும் வேலை செய்கிறதா, முனையில் ‘டிக்’ இருக்கிறதா. போன் ஸ்பீக்கரில்: பேச்சு இசைக்கு மேலே நிற்கிறதா. மூன்றாவதாக, மோனோவில்: சேனல் ஒன்று தலைகீழாகப் பதிவாகியிருந்தால் ஸ்டீரியோவில் கேட்கும் குரல் மோனோவில் அழிந்துபோகும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன்களில் ‘இசை கேட்குது, பேச்சு கேட்கல’ என்று வரும் புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு சேனலின் ஃபேஸைத் திருப்பினால் சரியாகும்.

13. வெட்டிய கிளிப்புகளை மறுபடி ஒட்டுவதானால்

ஏஏசி சுருக்கும் கருவி தொடக்கத்தில் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துக்கொள்ளும். பல கருவிகளில் அது 2112 சாம்பிள், அதாவது 44 மில்லிநொடி. பிளேயர்கள் அதைத் தாண்டித்தான் ஓட்டும், ஆனால் ஒட்டும் கருவிகள் எல்லாம் தாண்டுவதில்லை. தொடர்ந்து ஓடும் இசையை இரண்டு ஏஏசி கிளிப்பாக வெட்டி ஒட்டினால் நடுவில் ஒரு விக்கல் கேட்கும். அப்படி ஒட்டும் திட்டம் இருந்தால் பிசிஎம்மில் எடுங்கள். எல்லாக் கிளிப்பிலும் கோடெக், சாம்பிள் ரேட், சேனல் எண்ணிக்கை மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். மோனோ கிளிப் ஒன்று நடுவில் நுழைந்தால், அந்த இடத்திலிருந்து சத்தம் அறுந்துபோகலாம்.

14. சுருக்காமல் வெட்டுவது

திருத்தம் எதுவும் வேண்டாம், மூலக் கோப்பிலிருந்து ஒரு துண்டு மட்டும் போதும் என்றால் எடிட்டிங் மென்பொருளே தேவையில்லை. லாஸ்லெஸ்கட் போன்ற கருவி ஆடியோவையும் வீடியோவையும் மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுத்து வெட்டும். நிமிடக்கணக்கான ரெண்டர் நொடிகளில் முடியும், தரம் துளியும் குறையாது.

விலை ஒன்று உண்டு. வீடியோவைக் கீபிரேம் (முழுப் படமாகவே சேமிக்கப்பட்ட பிரேம்) இருக்கும் இடத்தில்தான் சுத்தமாக வெட்ட முடியும். நீங்கள் குறித்த இடத்துக்கு முந்தைய கீபிரேமிலிருந்து கிளிப் தொடங்கும், அது ஒன்றிரண்டு நொடி முன்னால் இருக்கலாம். நடுவில் வெட்டினால் சில பிளேயர்களில் சத்தம் ஓட, படம் உறைந்து நிற்கும். ஃபேட் கொடுக்கவும் வழியில்லை, சத்த அளவையும் தொட முடியாது. அதனால் இரண்டு பக்கமும் சில நொடி கூடுதலாக விட்டு வெட்டி, சேமிப்புக்கோ இன்னொரு எடிட்டருக்கோ கொடுங்கள். வெளியிடும் கிளிப்பை அந்தத் துண்டிலிருந்து மேலே சொன்ன வரிசையில் எடுக்கலாம்.